பாயின்ட் கார்டுக்கு ஒரு பொட்டலம்

“ஜெய் தம்பி, மேட்ச்சுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. இப்பவே சாப்பிட்டா செரிச்சுடும்.”

விளையாட்டு அரங்க வாசலில் ஜலாலுதீன் நீட்டிய பொட்டலத்தில் மட்டன் பிரியாணி. வாங்கிக்கொண்ட ஜெய், பாலிடெக்னிக் கூடைப்பந்து அணியின் பாயின்ட் கார்ட்.

“தேங்க்ஸ் அங்கிள்.”

“இன்னிக்கு எங்க அஃப்னானைக் கொஞ்சம் கவனிச்சுக்க தம்பி. கிளப் கோச் வர்றாரு. ஒரே ஒரு ஆளைத்தான் எடுப்பாராம்.”

ஜெய் சிரித்துவிட்டு உள்ளே போனான். அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார் ஜலாலுதீன். பஃபலோ ரோட்டில் இருபது வருடமாக மளிகைக் கடை நடத்துகிறவருக்கு, யாரை எப்படிக் கவனிப்பது என்று தெரியாதா என்ன?

பாயின்ட் கார்ட் என்றால், பந்தைக் கொண்டுபோய் அதை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்கிறவன். இது மற்ற பையன்களின் பெற்றோருக்குப் புரிந்த நாளிலிருந்து ஜெய்க்கு யோகம்தான். முதல் வருடம் கறி பஃப் வந்தது. இரண்டாம் வருடம் ஓர் அம்மா தேங்காய்ப்பூ தூவிய குவே பலகாரம் கொண்டுவந்தார். மூன்றாம் வருடம் விஷயம் மட்டன்வரை வந்துவிட்டது. ஜெய் எதையுமே வேண்டாம் என்று சொன்னதில்லை.

பார்வையாளர் வரிசையில் ஜலாலுதீனின் மனைவி முனீரா, டிஷ்யூ பாக்கெட்டை வைத்துப் பக்கத்து இடத்தைப் பிடித்திருந்தார்.

“குடுத்தீங்களா?”

“குடுத்தாச்சு. இன்னிக்கு பந்து பூரா நம்ம பையனுக்குத்தான், பாரு.”

“ஒரு பொட்டலத்துக்கா?”

“உன் கைப்பக்குவம் அப்படி லா.”

ஆட்டம் தொடங்கியது. ஜெய் முதல் பந்தை அஃப்னானிடம் கொடுத்தான். கூடைக்குள் விழுந்தது. ஜலாலுதீன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த பந்து ஜுன் காய் என்ற ஒல்லிப் பையனுக்குப் போனது. அதற்கடுத்ததும் அவனுக்குத்தான். நான்காவதும் அவனுக்கே போனபோது ஜலாலுதீனால் உட்கார முடியவில்லை.

“துரோகி.”

“அஃப்னானை ரெண்டு பேர் மறிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. எப்படிக் குடுப்பான்? அந்தப் பையன்தானே சும்மா நிக்கிறான்.”

“அவன் வீட்டுல முழுக் கோழியாக் குடுத்திருப்பாங்க.”

“ஆனா பாருங்களேன், பாதி ஆட்டத்துலயே மூச்சு வாங்கி உக்காந்துடுற பையன். இன்னிக்கு என்ன இந்த ஓட்டம் ஓடுறான்?” என்று வியந்தார் முனீரா.

கடைசி நிமிடத்திலும் பந்து ஜுன் காயிடம்தான் போனது. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. கிளப் கோச் நேராக இறங்கிப் போய் ஜுன் காயின் கையைக் குலுக்கி, போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

இந்த நாளுக்காக அஃப்னான் மூன்று வருடம் விடியற்காலையில் எழுந்து ஓடியதைப் பார்த்தவர் ஜலாலுதீன்தான்.

உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்த ஜெய்யை வழிமறித்தார்.

“என்ன தம்பி, பிரியாணி எப்படி இருந்துச்சு?”

ஜெய் தலையைச் சொறிந்தான்.

“நான் சாப்பிடல அங்கிள். புரட்டாசி மாசம். எங்க வீட்டுல கவுச்சி கிடையாது.”

“அதை அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“ஆசையா கொண்டுவந்தீங்க. வேணாம்னு சொல்ல மனசு வரல. அதோட, உங்க கடை வாசல்லயே ‘புரட்டாசி சலுகை’ன்னு அவ்ளோ பெரிய போர்டு. உங்களுக்குத் தெரியாம இருக்காதுன்னு நினைச்சேன்.”

பின்னாலேயே வந்திருந்த முனீரா அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சரி, பொட்டலம் எங்க?”

“ஜுன் காய் சாப்பிட்டுட்டான் அங்கிள். காலையில நாலு மணிக்கே அவங்க அம்மாவோட மீன் கடைக்குப் போயிடுவான். அங்கேருந்து நேரா மேட்ச்சுக்கு வருவான், வெறும் வயித்தோட. எனக்கு வர்றதுல பாதி எப்பவும் அவனுக்குத்தான். கறி பஃப் பாதி ஆட்டத்துக்குத்தான் தாங்கும். இன்னிக்கு பிரியாணி, அதான் கடைசிவரைக்கும் ஓடினான்.”

ஜலாலுதீன் மனதுக்குள் கணக்குப் போட்டார். காசு கொடுத்து வாங்கிய மட்டன், மனைவி கண்விழித்துச் சமைத்த பிரியாணி, எல்லாம் சேர்ந்து சொந்த மகனையே தோற்கடித்திருக்கிறது.

“ஏன் தம்பி, நீ சாப்பிடலன்னா அதை அஃப்னானுக்கே குடுத்திருக்கலாம்ல? எங்க வீட்டுச் சாப்பாடுதானே? கோச் வர்ற நாள்னு உனக்கும் தெரியும். வயிறு எரியுது எனக்கு.”

ஜெய் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் அஃப்னான், ஜுன் காயின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“அவன்கிட்டதான் அங்கிள் முதல்ல நீட்டினேன். ‘கோச் பாக்குற நாள்லயாவது ஜுன் காய் பசியில்லாம ஓடட்டும், அவனுக்குக் குடுடா’ன்னு அவன்தான் சொன்னான்.”