ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து

"இந்த மோட்டாரை எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டான் செபாஸ்டின்.

"எழுபத்தாறுல, தம்பி," என்றார் மணவாளன்.

"யாரு மாத்துனது?"

"நான்தான்."

"அதுக்கு இன்னா அத்தாட்சி?"

மணவாளனின் மனைவி தையலம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இதே கூத்து.

சுத்துக்கேணியில் ரெண்டு காணி நிலம். செபாஸ்டினின் அப்பா வாய்ப்பேச்சாக விட்ட குத்தகை. பத்தொன்பது வருஷமாக மணவாளன்தான் கரும்பு வைக்கிறார். வேறு பிழைப்பு கிடையாது. பெரியவர் கண்ணை மூடி முப்பதாம் நாள் பூசைகூட ஆகவில்லை, அதற்குள் மூத்த மகன் அமிர்தசாமி 'காலி பண்ணு' என்று வந்து நிற்கிறான். பம்பாயிலிருந்து தம்பி செபாஸ்டினையும் வரவழைத்துவிட்டான்.

"எந்தம்பி யாரு தெரியுமாய்யா? வாடகைக்கு எடுத்த ப்ளேனை வெளிநாட்டுக்காரன்கிட்ட திருப்பி ஒப்படைக்கிற ஆபீசரு. திருகாணி ஒண்ணு கொறஞ்சாலும் லிஸ்டுல வந்துடும். உன் ரெண்டு காணி எந்த மூலைக்கு?" மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து சிரித்தான் அமிர்தசாமி.

செபாஸ்டின் சிரிக்கவில்லை. ஒரு ப்ளேனின் பதினைந்து பெட்டிக் காகிதத்தை ஒரு வாரமாகப் புரட்டிவிட்டு, நேராக ரயிலேறி வந்திருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"கரும்பு வெட்டச் சொல்லி ஆலையில குடுத்த ஆர்டரெல்லாம் இருக்கா?"

"வருஷா வருஷம் வெச்சிருக்கேன், தம்பி."

"கொண்டாங்க. கரண்டு கார்டையும் கொண்டாங்க."

தையலம்மாள் பெட்டியைத் தூக்கிவந்து அவன் எதிரில் தொப்பென்று போட்டாள்.

"காலேஜ் லீவுல வந்தப்ப எங்கூட்டுக் கருவாட்டுக் கொழம்ப தட்டு தட்டா தின்ன புள்ள நீ. இன்னைக்கு எங்களையே நிக்க வெச்சு கேள்வி கேக்கறியா? நல்லா இருப்பியா?"

"காகிதம் இல்லாத சாமான் எங்க வேலைல சாமானே இல்ல, தையலக்கா. எவ்ளோ நல்லா ஓடுனாலும் அது குப்பைதான்."

"அப்படிக் கேளுடா!" என்றான் அமிர்தசாமி.

கார்பன் வைத்து எழுதினான் செபாஸ்டின். மோட்டார், வாய்க்கால், வேலி, பதினெட்டு தென்னை என்று ஒன்பது பக்கம் ஆனது.

"ஓனர் கையெழுத்து இல்லாம லிஸ்ட் செல்லாதுண்ணா. ஒவ்வொரு பக்கத்துலயும் போடு."

"ஒம்பது பக்கமா? அடேயப்பா!" அமிர்தசாமி பெருமையாகப் போட்டுக்கொண்டே போனான். ஒரு வரி படிக்கவில்லை. பைக்கை உதைத்துக்கொண்டு வில்லியனூருக்குச் சாப்பிடப் போய்விட்டான்.

மணவாளன் வரப்பில் தளர்ந்து உட்கார்ந்தார். "எப்பப்பா காலி பண்ணணும்?"

செபாஸ்டின் கார்பன் பிரதியை எடுத்துத் தையலம்மாளிடம் நீட்டினான். "ஒப்படைப்புன்னா ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு காப்பி. அண்ணனுக்கு என் வேலை சரியாப் புரியல அக்கா. பதினாலு வருஷமா நான் பேசறது வாடகைக்கு எடுத்தவன் பக்கம் நின்னுதான்."

"இத்த வெச்சிகினு நாங்க இன்னா பண்றது?"

"நாளைக்குக் கோர்ட்டுல அண்ணன் உங்க வூட்டுக்காரரை வெறும் கூலியாள்னு சொல்லப்போறாரு. அப்ப இதை நீட்டுங்க. பத்திரமா வெச்சுக்குங்க."

"இந்த நெலத்துல உனக்கும் பாதி பங்கு இருக்கேப்பா?"

"தெரியும்க்கா. படிங்க."

தையலம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'இந்த நிலத்தைப் பத்தொன்பது வருடமாகக் குத்தகைக்குப் பயிர் செய்துவருபவர் மணவாளன்.' அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதிலும் முதல் வரி அதேதான்.

ஒன்பது பக்கத்திலும் அந்த வரி இருந்தது. ஒன்பது பக்கத்திலும் அடியில், 'நில உரிமையாளர்' என்ற இடத்தில், அமிர்தசாமியின் கையெழுத்தும் இருந்தது.