ஒரு கொத்து அரிசி

மகன் யோகராஜ் கம்ப்யூட்டரில் பழைய ராஜாக்களின் சண்டை விளையாடுவான். நான் மாத்தளையில் அரிசி லொறி ஓட்டியவன். "சோறு திங்காம மாசக்கணக்கா நடக்குதே, இது என்னடா பட்டாளம்?" என்றேன். சிரித்தான். விளையாட்டையே மாற்றி எழுதினான்: ஆளுக்கு நாளைக்கு ஒரு கொத்து அளவு அரிசி, அதைக் கொண்டுபோக மாட்டுவண்டி.

இரண்டாயிரத்து எட்டில் அவனை யாரோ வெள்ளை வேனில் ஏற்றிப் போனார்கள். எந்த ஆபீசில் கேட்டாலும் தெரியாது என்றார்கள்.

மகள் சாந்தினி ஒருநாள் அவன் கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "பட்டாளத்துல ஒருத்தருமே இல்லப்பா. ஆனா அரிசிக் கெடங்குல தெனம் ஒரு கொத்து கொறயுது. அண்ணன் எங்கயோ சாப்புடுது."

"மிஷின் பொய் சொல்லும்" என்றேன். ஆனாலும் விளையாட்டில் தினமும் அரிசி வண்டி அனுப்பச் சொன்னேன்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அரிசி குறையவில்லை. மறுநாளும் குறையவில்லை.

சாந்தினி அழுதாள். "வண்டிய நிப்பாட்டவா அப்பா?"

"அனுப்பு" என்றேன்.