ஆறு பேருக்கு ஒரு டேபிள்

"நூடுல்ஸ் கடைக்குப் போறதுக்கு எதுக்கு அண்ணி ரிசர்வேஷன்?"

போனிலேயே தங்கைக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"புக் பண்ணியாச்சு. சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டே முக்கால். ஆறு பேர்" என்றாள் அண்ணி.

அண்ணி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நாற்பது ஆசிரியர்களுக்குப் பாடவேளை போட்டுக் கொடுப்பவள். வீட்டில் அவளுக்குப் பெயரே 'டைம்டேபிள்'தான்.

"தீம் பார்க்குக்குள்ள பெரிய ஓட்டல் எல்லாம் இல்ல அண்ணி. ராட்டினம் சுத்திட்டு, ஈரத் துணியோட போய் உக்காந்து சாப்பிடுற இடம். யாரும் புக் பண்ண மாட்டாங்க."

"நாம பண்ணுவோம்."

"நாங்க மூணு பேரும் ரூம்லயே எதையாவது வாங்கிச் சாப்பிட்டுக்கிறோமே. இவருக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கிறதில்ல."

"ஆறு பேர்னு சொல்லிட்டேன். ஆறு பேரும் வரணும்."

போனை வைத்ததும் தங்கை தன் கணவரிடம் பொரிந்து தள்ளினாள். அவர் "விடு, பாத்துக்கலாம்" என்று பேப்பரைப் புரட்டினார்.

சனிக்கிழமை. பூங்காவுக்குள்ளேயே இருந்த விடுதியில் இரண்டு குடும்பமும் இறங்கியது. பிள்ளைகள் இரண்டு பேரும் தண்ணீர்ச் சறுக்கில் ஏழாவது தடவை ஏறப் போனபோது அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பன்னிரண்டரை. எல்லாரும் கிளம்புங்க."

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா!"

"சாப்பிட்டுட்டு ஏழு தடவை போகலாம். நட."

"மூக்கணாங்கயிறு போட்டு இழுத்துட்டுப் போறா பாரு" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்.

உணவகத்துக்குள் நுழைந்ததும் தங்கை நின்றுவிட்டாள். முக்கால்வாசி மேஜைகள் காலி.

"பாருங்க அண்ணி. ஈ ஓட்டிட்டு இருக்காங்க. இதுக்கா மூணு வாரம் முன்னாடியே புக் பண்ணீங்க?"

அண்ணி வாசலில் நின்ற பெண்ணிடம் தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண் அவர்களை உள்ளே கூட்டிப்போய், சுவரோரமாக ஒரு மேஜையில் உட்கார வைத்தாள்.

தங்கையின் கணவர் வழக்கம்போலச் சொன்னார். "எனக்குப் பசியே இல்ல. நீங்க சாப்பிடுங்க."

அதற்குள், அண்ணி முன்பே சொல்லி வைத்திருந்த சூப் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கனமான கோப்பைகள். பாதி அளவுதான் ஊற்றியிருந்தார்கள். தண்ணீர், மூடியும் உறிஞ்சு குழலும் போட்ட டம்ளர்களில். நூடுல்ஸைச் சின்னதாக நறுக்கி, குழிவான கிண்ணத்தில் போட்டு, பெரிய கரண்டி வைத்திருந்தார்கள். ஆறு பேருக்கும் அதேதான்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தங்கைக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம்.

"என்ன இது? எல்.கே.ஜி. பிள்ளைங்களுக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்காங்க! அங்க பாருங்க, எல்லா டேபிள்லயும் கண்ணாடி டம்ளர், முள்கரண்டி. நமக்கு மட்டும் என்ன இளப்பம்?"

"உக்காரு. இருக்கறதுல சாப்பிடலாம்" என்றாள் அண்ணி. குரலில் லேசாக ஒரு பதற்றம்.

"முடியாது. நீங்க புக் பண்ணதுக்கு அவங்க காட்டுற மரியாதை இதுதானா? நான் கேட்டுட்டு வர்றேன்."

விறுவிறுவென்று மேலாளரிடம் போனாள்.

"சார், அந்த ஓரத்து டேபிளுக்கு மட்டும் ஏன் இப்படி வச்சிருக்கீங்க?"

மேலாளர் குழம்பினார். "நீங்கதானே மேடம் கேட்டிருந்தீங்க?"

"நானா?"

"உங்க புக்கிங்ல இருக்கே. அதுக்காகத்தான் முன்கூட்டியே தனியா எடுத்து வச்சோம். திடீர்னு வந்து கேட்டிருந்தா எங்ககிட்ட ஆறு கோப்பை இருந்திருக்காது." கையிலிருந்த டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினார்.

'வேறு ஏதேனும் தேவை' என்ற கட்டத்தில் அண்ணி எழுதியிருந்தாள்:

'எங்களில் ஒருவருக்குக் கை நடுங்கும். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது. யாருக்கு என்று கேட்காமல், ஆறு பேருக்கும் ஒரே மாதிரி வைத்துவிடுங்கள். யாராவது குறை சொன்னால் நான் சமாளித்துக்கொள்கிறேன்.'

தங்கை அதை இரண்டு முறை படித்தாள்.

கணவரின் கை நடுங்கத் தொடங்கி ஒன்றரை வருஷம். ஒவ்வொரு விருந்துக்கும் ஒவ்வொரு பொய். வயிறு சரியில்லை, ஆபீசில் வேலை, வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. காபி சிந்திய சட்டைகளை அண்ணன் வீட்டில் யாரும் பார்க்காமல் அவளேதான் துவைத்தாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

திரும்பிப் பார்த்தாள். ஆறு கோப்பைகளில் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, அவள் கணவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் அப்படித்தான் குடித்தார்கள். அண்ணன் ஏதோ சொல்ல, கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"மாத்தி வைக்கச் சொல்லட்டுமா மேடம்?"

"வேண்டாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க எழுதினபடியே இருக்கட்டும்."

மேஜைக்குத் திரும்பி, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டார் கணவர்.

தங்கை தன் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"மத்ததெல்லாம் தீர்ந்துபோச்சாம்ங்க. இதுதான் இருக்காம்."