ஓர் அங்குலம் போதும்

"இன்னொரு மூட்டை ஏத்துங்க பாஸ். இது பத்தல," என்றான் வென்டல்.

ஏற்கெனவே அவன் தோளில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. எர்னிங் நாற்காலி மேல் ஏறி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதையும் தூக்கி வைத்தார். வேகாத பிலிப்பைன்ஸ் வெயிலில், செபு மீன் டப்பா கம்பெனி அணியின் கூடைப்பந்து மைதானத்தை வென்டல் சுற்ற ஆரம்பித்தான்.

சாயங்காலம் உயர அளவெடுப்பு. அமெரிக்காவிலிருந்து இறக்கும் ஆட்டக்காரன் ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது லீக்கின் சட்டம். அதனால் கொஞ்சம் கூடுதலாக உள்ள ஆளாகப் பார்த்துப் பிடித்து, அளவெடுக்கும் நாளில் அமுக்கிக் குறைப்பது எல்லா அணிகளின் வழக்கம். பேப்பர்படி வென்டல் ஆறடி ஆறு. முதுகெலும்பு அமுங்கட்டும் என்று, நேற்று வந்து இறங்கியவனை மானேஜர் எர்னிங் இன்று காலையிலிருந்து உட்காரவே விடவில்லை.

"போன வருஷம் நீ கூட்டிட்டு வந்தவன் அரை அங்குலம் கூடிப் போய்த் திரும்பிட்டான்," என்று கோச் லாபிட்டான் காலையிலேயே சொல்லியிருந்தார். "இந்தத் தடவையும் ஆள் ஒத்து வரலேன்னா, அவனை ஏர்போர்ட்ல விட்டுட்டு நீ அப்படியே வீட்டுக்குப் போயிடு."

எர்னிங்கின் இரண்டு பெண்கள் நர்சிங் படிக்கிறார்கள். இந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது?

வென்டலின் நிலைமையும் அப்படித்தான். வெனிசுவேலா, போலந்து, லெபனான், தைவான் என்று பந்தும் பையுமாகவே பாதி ஆயுசு போய்விட்டது. எந்த ஊரிலும் இரண்டாவது சீசனுக்குக் கூப்பிட்டதில்லை.

"இதுவும் போச்சுன்னா, ஊர்ல மச்சானோட டயர் கடையில பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான் பாஸ்," என்றான் மூட்டைகளுக்கு அடியிலிருந்து.

"வாயைக் கழுவு. நான் இருக்கேன்ல?" என்றார் எர்னிங். அவருக்கு அவன் மேல் பாசமே வந்துவிட்டது. "வெயில்ல ஏன்டா சாகறே? பின்பக்கம் மாமர நிழல்ல நட."

"வேண்டாம் பாஸ். கோச் ரூம் ஜன்னலுக்கு நேரா நடக்கறேன். எவ்வளவு கஷ்டப்படறோம்னு அவரும் பார்க்கட்டும்."

ஜன்னல் வழியாகக் கோச் பார்த்தார். எர்னிங் பெருமையாகக் கையசைத்தார்.

மத்தியானம் எர்னிங் அவனைப் பெலிங் அக்காவின் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். வறுத்த சோறும் பொரித்த மீனும் வாங்கி, வென்டல் சுவரோரம் நின்றுகொண்டே சாப்பிட்டான்.

"போன வருஷம் வந்த பையன் என் வாசல்ல முட்டிக்கிட்டு மூணு நாள் நெத்தியில ஐஸ் வச்சிருந்தான்," என்றாள் பெலிங். "இவன் பாரு, குனியாம வர்றான், குனியாம போறான்."

"உலகம் சுத்தின ஆளுக்கு ஒரு வாசல் பெரிசாக்கா?" என்றார் எர்னிங். அவர் ஐந்தடி இரண்டு. ஆறடிக்கு மேல் எல்லாமே அவருக்கு வானம்தான்.

அளவெடுக்கப் போகும் வழியில், தேவாலயத்தில் குழந்தை ஏசுவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். "ரொம்பக் கேட்கல சாமி. ஒரே ஓர் அங்குலம் போதும்."

லீக் ஆபீஸில் கோச் முன்னாலேயே வந்து காத்திருந்தார்; மற்ற அணிக்காரர்கள் கழுகு மாதிரி சுற்றி நின்றார்கள். வென்டல் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, பலகையில் முதுகை ஒட்டி நின்றான். அதிகாரி மேலேயிருந்து கட்டையை இறக்கினார். எர்னிங் கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டை இறங்கியது. இன்னும் இறங்கியது. தலையைத் தொட்டதும் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஆறடி மூணு. தேறிட்டான்."

எர்னிங் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். குழந்தை ஏசு இத்தனை தாராளமாக இருப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அப்புறம்தான் கோச்சின் முகத்தைப் பார்த்தார். அது கருவாடாகச் சுருங்கியிருந்தது. மற்ற அணிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஆறடி மூணுல எங்கிட்டயே ரெண்டு உள்ளூர்ப் பசங்க இருக்காங்க," என்றார் கோச், பல்லைக் கடித்துக்கொண்டு. "இதுக்காடா அமெரிக்கால இருந்து ஆள்?"

கோச் வென்டல் பக்கம் திரும்பினார்.

"போன இடமெல்லாம் ஆறடி ஆறுன்னுதானேய்யா சொல்லியிருக்கே? மீதி மூணு அங்குலம் எங்கே?"

வென்டல் பிடரியை மெல்லத் தடவிவிட்டுக்கொண்டான். பிறகு மிகுந்த வருத்தத்தோடு எர்னிங்கைக் கைகாட்டினான்.

"வரும்போது இருந்துச்சு கோச். இவர்தான் ரெண்டு மூட்டை ஏத்தினாரு."