பறவைக் கணக்கு

காட்டு விடுதிக்குப் பசுமைச் சான்று தர வந்த ஆய்வாளர் மரத்தடியில் நின்றார். காது கொள்ளாத பறவைச் சத்தம்.

"கேட்டீங்களா மேடம்? காட்டுக்கு ஒரு கீறல்கூடப் படாமக் கட்டிருக்கோம். நீங்க கையெழுத்துப் போட்டா நாப்பது வீட்டுல அடுப்பெரியும்," என்றார் மேலாளர்.

"சத்தம் சரி. கண்ணுல ஒண்ணும் படலையே?"

"புது ஆளைப் பாத்தா வெக்கப்படும் மேடம்."

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். தலைக்கு மேல், ஆளில்லாத கிளையில், ஒரு பெண் இருமினாள். பிறகு நிதானமாக எண்ணினாள்: "அறுவத்தொண்ணு... அறுவத்திரெண்டு..."

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். அது அவருடைய சொந்தக் குரல். கட்டடம் வருமுன் இங்கே பறவைகளை எண்ணி, அவற்றின் சத்தத்தை ஒலிப்பதிவு செய்தவர் அவர்தான்.

"அந்தப் பேச்ச வெட்டிட்டு ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன் மேடம்... மறந்துட்டானுங்க," என்று முனகினார் மேலாளர்.

ஆய்வாளர் பேனாவை மூடினார். மேலே அவர் குரல் எண்ணிக்கொண்டே போனது.