பின்பாரம்

சுருளியாண்டி கழுத்தைத் திருப்பவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த படத்தைப் பார்க்க உடம்போடு சேர்ந்து திரும்பினார்.

அந்தத் திரும்பல் எனக்குத் தெரியும். என் கணவர் சுரேஷ்கண்ணனும் லீவில் வந்தால் அப்படித்தான் திரும்புவார்.

இருவரும் எல்லையில் ஒரே படைப்பிரிவு. இரவு ரோந்துக்கு ஹெல்மெட்டின் முன்பக்கம் இருட்டில் பார்க்கும் கருவியை மாட்டுவார்கள். அதன் பாரம் விடிய விடியத் தலையை முன்னால் இழுக்கும்.

நான் திராட்சைப் பந்தலில் நாளெல்லாம் அண்ணாந்து கொடி கட்டுகிறவள்.

"நீ மேல பாத்துக் கழுத்தக் கெடுத்த, நான் கீழ பாத்துக் கெடுத்தேன். ரெண்டையும் கூட்டிப் போட்டா ஒரு நல்ல கழுத்து தேறும்டி" என்பார்.

கடைசி லீவில் பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு சின்னப் பை தைத்தேன். உள்ளே, பந்தலில் வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகள். ஹெல்மெட்டின் பின்னால் கட்டிப் பார்த்தார். முன்பாரத்துக்கு இந்தப் பின்பாரம் ஈடாகி, தலை நேராக நின்றது.

பனிச்சரிவில் அவர் போன பிறகு அவருடைய பெட்டி எங்கள் ஊர் கோம்பைக்கு வந்தது. சவர பிரஷ்கூட இருந்தது. அந்தப் பை மட்டும் இல்லை. யார் எடுத்திருப்பார்கள் என்று நினைத்து நினைத்து மனம் புழுங்கினேன்.

இப்போது சுருளியாண்டி சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது ஒங்ககிட்டதான் இருக்கணும் மதினி. அண்ணன் போனதுக்கப்புறம் இதக் கட்ட மனசு வரல."

அவர் கழுத்து பிடித்துக்கொண்ட காரணம் புரிந்தது. ஆனாலும், இத்தனை நாள் இவரிடமா இருந்தது என்று கோபம் வந்தது.

பையைத் திருப்பினேன். பச்சை நூல். கோணல்மாணலான தையல்.

"இது நான் தச்சது இல்லையே தம்பி?"

"இல்ல மதினி. எனக்கு வலிக்குதுன்னு, ஒங்களதப் பாத்து அண்ணன் தச்சுக் குடுத்தாக. ஊசி குத்துனதுக்கெல்லாம் என்னையத்தான் வைஞ்சாக." குரல் தாழ்ந்தது. "ஒங்களது அவுக தலையிலயேதான் இருந்துச்சு. நாங்க தோண்டி எடுத்தப்பவும்."

பட்டன்கூடத் தைக்கத் தெரியாத மனிதர்.

அந்தத் தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தேன். எனக்கென்று அவர் கையால் செய்த பொருள் வீட்டில் எதுவுமில்லை.

பிறகு பையைச் சுருளியாண்டியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன்.

"கட்டிக்கங்க. ஒங்க கழுத்துக்குத்தான தச்சாக."

வாசல்வரை போனவர் மறுபடி உடம்போடு திரும்பினார்.

"ரோந்து போற நம்ம ஆளுகள்ல இன்னும் நாலு கழுத்து இப்படி இருக்கு மதினி."

மறுநாள் பந்தலில் கொடியை விட்டுவிட்டுக் குனிந்தேன். தரையெங்கும் கம்பித் துண்டுகள்.

குனிந்து பொறுக்கியது கழுத்துக்கு இதமாக இருந்தது.