வாழை வெட்ட ஏற்ற கத்தி

அக்காவின் கலியாணத்துக்கு வந்த இரண்டு வாழைமரங்களும் லண்டன் எட்மண்டன் மண்டப வாசலை விட உயரம். அடியை வெட்டினால்தான் நிமிர்த்தலாம்.

“காரிலை வச்சிருக்கிற உன்ரை குக்ரிக் கத்தியைத் தா, நான் வெட்டுறன். பொம்பிளைப் பிள்ளை தள்ளி நில்லு” என்றார் பவித்திரன் அண்ணை.

“ஏன், வாழை ஆம்பிளையளுக்கு மட்டும்தான் விழுமோ?”

கேம்பிங் போவதற்காக, நேபாளத்தில் கையால் அடித்த குக்ரிக் கத்திகள் இரண்டு வாங்கி, கார் டிக்கியிலேயே வைத்திருந்தேன். ஆத்திரத்தோடு இரண்டையும் எடுத்து வந்து விளக்கம் வேறு கொடுத்தேன். “மெல்லிசுக் கத்தி கொப்புச் சீவத்தான். முதுகு தடிச்சது, வளைவிலை பாரம் இருக்கிறது, இதுதான் வெட்டுறதுக்கு.”

“எங்கடை வீட்டின்ரை முதல் பட்டதாரி சொல்லுறாள், கேளுங்கோ!” என்றார் அண்ணை. கூட்டம் கூடிவிட்டது.

சேலையை இழுத்துச் செருகி, டிசம்பர் குளிருக்குப் போட்ட கையுறையோடு ஓங்கி ஒரு வெட்டு.

டங்!

கை விறைத்தது. குக்ரியின் கூர் விளிம்பில் அரிசியளவு பல் விழுந்திருந்தது.

அலங்காரக்கார லோகன் ஓடிவந்தார். “ஐயோ தங்கச்சி! அது பிளாஸ்டிக் மரம். உள்ளுக்கை இரும்புக் குழாய், கழட்டிப் பூட்டலாம். நாளைக்கு மோர்டனிலை நடக்கிற கலியாணத்துக்கும் இதுதான் நிக்கவேணும்!”

“நல்ல காலம், நான் வெட்டேல்லை” என்ற அண்ணை, கூட்டத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். “எதிலை பட்டம் எண்டு இவையளுக்கும் சொல்லன்.”

நான் கத்திகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தேன். பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் முதல் வகுப்பு என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?